முப்பது ரூபா டெஸ்டர்

உங்க ஹாஸ்டல் ரூம்லயும் ஒண்ணு இருக்கும். பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே முப்பது நாப்பது பிட்டு, ஒரு கைப்பிடி, பிளையர் மாதிரி ஒரு பொருள். 'எதை எடுத்தாலும்' கடையில வாங்கியது. நானும் முதல் வருஷமே வாங்கினேன். ரெண்டு மினி ப்ராஜெக்ட் அதுலதான் முடிஞ்சது. அதனால "மலிவா இருந்தாலே குப்பை"ன்னு நான் சொல்ல மாட்டேன்.

டேப், குளூ கன், பெயின்ட் பிரஷ், கிளாம்ப் இதெல்லாம் கண்ணை மூடிட்டு மலிவா வாங்கலாம். ஹேக்சா ஃபிரேம்கூட ஓகே. வெட்டுறது பிளேடுதானே, பிளேடை மட்டும் நல்லதா வாங்குங்க.

ஸ்பேனர் கதை வேற. போல்ட் தலையில 8.8னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. 800 மெகாபாஸ்கல் இழுவலிமை, அதுல 80 சதவீதத்துல யீல்டு. சாதாரண மைல்டு ஸ்டீலோட யீல்டு சுமார் 250. இப்ப சொல்லுங்க, இறுகின போல்ட்டுல எது முதல்ல தோற்கும்? ஸ்பேனர் வாய் விரியும், வழுக்கும், போல்ட் தலை மழுங்கும். என் பைக் ஆயில் ட்ரெயின் போல்ட்டு அப்படித்தான் போச்சு. ஸ்பேனர்ல மிச்சம் பண்ணின காசை விட மெக்கானிக்குக் கொடுத்தது நாலு மடங்கு. 'குரோம் வெனேடியம்'னு அதுல பொறிச்சிருந்தது வேற. எழுத்து பொறிக்கக் காசு ஆகாதுங்க.

இது வரைக்கும் காசு நஷ்டம்தான். சேந்தமங்கலத்துல எங்க தோட்டத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டெஸ்டர். முப்பது ரூபா. மோட்டார் ஓடலைன்னு அப்பா மெயின் போர்டுல அதை வெச்சுப் பார்த்திருக்கார். எரியல. கரண்டு இல்லைன்னு நினைச்சு, லூசா இருந்த ஒயரைக் கையால பிடிச்சிருக்கார். தூக்கி வீசிருச்சு. ரெண்டு நாள் வலது கை மரத்தே கிடந்தது. போன்ல கேட்டா, "வெயில்ல வெளிச்சம் தெரியல கண்ணு"ன்னு பழியைத் தன் மேலயே போட்டுக்கிட்டார்.

ஊருக்குப் போய் அதைப் பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிச்சு, ரெசிஸ்டரைச் சரியாத் தொடவே இல்லை. டெஸ்டர்ல நம்ம உயிரைக் காப்பாத்துறது அந்த ரெசிஸ்டர்தான். சுமார் ஒரு மெகா ஓம். 230 வோல்ட்டுக்கு 0.23 மில்லி ஆம்பியர்தான் நம்ம உடம்பு வழியா போகும், உறைக்கவே உறைக்காது. இதெல்லாம் முதல் வருஷப் பாடம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் அந்தக் கணக்கைப் போடாம அப்பா கையில அதைக் கொடுத்திருக்கேன்.

அதனால இப்ப கடையில நின்னா விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிப்பேன்: இது உடைஞ்சா இதோட சேர்ந்து வேற என்ன உடையும்? டேப் போனா டேப் மட்டும்தான் போகும். டெஸ்டர், மல்டிமீட்டர், ஜாக்கி அப்படி இல்லை.

"நல்லது வாங்கக் காசு எங்கடா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். செட்டா வாங்காதீங்க. தேவைப்படுற ரெண்டு சைஸ் ஸ்பேனர் மட்டும் ஹார்டுவேர் கடையில தனியா கேளுங்க. நாசிக்ல தயாராகுற டபாரியா நம்ம சின்ன ஊர் கடைகள்லயும் கிடைக்கும். இல்லைன்னா நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறைகள் பக்கம் காயலாங்கடையில தேடிப் பாருங்க. எனக்கு ஒரு பழைய ரிங் ஸ்பேனர் எடைக்கு எடை கிடைச்சது. அசிங்கமா இருக்கு, ஆனா வழுக்கல.

டெஸ்டர் எவ்வளவு நல்லதா இருந்தாலும், முதல்ல கரண்டு இருக்கிற பிளக்குல வெச்சு எரியுதான்னு பாருங்க. அப்புறம் சந்தேகப்படுற இடம். திரும்பவும் அதே பிளக். மெயினை ஆஃப் பண்ணினாலும் உள்ளே வர்ற லைன்ல கரண்டு இருக்கும்.

அப்பாவுக்குப் புது டெஸ்டர் வாங்கிக் கொடுத்துட்டேன். பழசை அவர் தூக்கிப் போடல, ஸ்குரூ கழட்ட ஆகும்னு மோட்டார் ரூம் சுவத்துலயே சொருகி வெச்சிருந்தார். போன வாரம் அவருக்குத் தெரியாம அதை எடுத்து ரெண்டா உடைச்சுப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்.