தாய் வயிற்றில் இருக்கும்போதே எழும்பூர் போகட்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்னையை அடுத்த குத்தம்பாக்கத்தில் பிறந்து, சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேருந்து முனையத்தால் இப்போது எங்கள் ஊர்ப் பெயர் பலருக்கும் தெரிகிறது. நான் எழுதுவது வேறொரு பயணம் பற்றி.

பல ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்த ஒரு பிரசவம். நிறைமாதம், நல்ல எடை, ஆண் குழந்தை. ஒரே ஒரு அழுகை. உடனே நீலம் பாய்ந்துவிட்டது. நெஞ்சு புடைத்து, வயிறு குழிந்து கிடந்தது. முகத்தில் மாஸ்க் வைத்து, காற்றூட்டும் ஆம்பு பையை அழுத்தினோம். அழுத்த அழுத்த மோசமானது. ஆம்புலன்ஸ் பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரணத்தைப் பிறகு ஒரு குழந்தை மருத்துவர் சொன்னார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கருவின் பத்தாவது வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் ஓட்டை நின்றுவிட்டால், பெரும்பாலும் இடப்பக்கம், குடலும் இரைப்பையும் நெஞ்சுக்குள் ஏறிவிடும். நுரையீரல் வளர இடமிருக்காது. மாஸ்க் வழியே நாங்கள் அடித்த காற்று இரைப்பைக்குள்ளும் போய், நெஞ்சிலிருந்த குடலை உப்பவைத்து, இருந்த கொஞ்ச நுரையீரலையும் நசுக்கியிருக்கிறது. காப்பாற்ற அழுத்திய கை என்னுடையது. இன்றும் அது என்னை விடவில்லை.

அங்கே செய்ய வேண்டியிருந்தது வேறு. மூச்சுக்குழாயில் நேரே குழாய், இரைப்பைக் காற்றை இழுக்க மூக்கு வழியே இன்னொரு குழாய், பிறகு மென்மையான வென்டிலேட்டர். ஓட்டையைத் தைப்பதற்குக்கூட இப்போது அவசரப்படுவதில்லை. நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் தணிந்து குழந்தை நிலைப்பட்ட பிறகே அறுவை சிகிச்சை. அதையும் மீறிச் சில குழந்தைகள் பிழைப்பதில்லை. நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இந்தக் குறைபாடு சுமார் மூவாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பார்கள். ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில் இது ஏறக்குறைய 300 வீடுகள்.

ஐயா, ஐந்தாம் மாத ஸ்கேனில் இதைப் பார்க்க முடியும். இதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பை தெரியும், இதயம் வலப்பக்கம் தள்ளிப்போயிருக்கும். ஆனால் பல ஸ்கேன் தாள்களில் உதரவிதானம் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த வரியைக் கட்டாயமாக்குங்கள். சந்தேகம் என்று எழுதிய அன்றே, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி நம்பரோடு சேர்த்து அந்தத் தாயின் பிரசவம் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் என்று முடிவாகட்டும். குழந்தைகள் மருத்துவமனையும் அதே எழும்பூரில்தான் இருக்கிறது. மூச்சுத் திணறும் குழந்தையை நெரிசலில் 30 கிலோமீட்டர் கொண்டுபோவதைவிட, வயிற்றுப் பிள்ளையோடு தாய் முன்கூட்டியே போய்ச் சேர்வது எவ்வளவோ மேல்.

ஸ்கேனில் தப்பிவிடும் குழந்தைகளும் உண்டு. அதனால் நீலம் பாய்ந்து வயிறு குழிந்த குழந்தையைக் கண்டால் ஆம்பு பையைத் தொடும் முன் இதை நினைக்கும்படி, எல்லாப் பிரசவ அறைச் செவிலியர்களுக்கும் பயிற்சி வேண்டும். அரை நாள் போதும். எனக்கு அந்த அரை நாள் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இது ஐந்தாம் மாதம். ஸ்கேன் தாளை என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
குத்தம்பாக்கம்