எந்த சிலிண்டர் என்று கேளுங்கள்!

பழைய கார் குலுங்குகிறதா? உடனே பர்சைத் திறக்காதீர்கள். நோய் எங்கே என்று முதலில் பாருங்கள்.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 1983-ம் ஆண்டு வந்தது. 2014-ல் உற்பத்தி நின்றது. லட்சம் கிலோ மீட்டரைத் தாண்டிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அதில் 3 சிலிண்டர்கள். ஒன்று படுத்துவிட்டால் வண்டி உதறும். மேடு ஏறத் திணறும். லாரியை முந்தும்போது திணறினால் உயிருக்கே ஆபத்து. இதைத்தான் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங்" என்கிறார்கள்.

பிளக், ஒயர், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது வைத்தியம் அல்ல, வீண் செலவு.

சோதனை எளிது

கார்புரேட்டர் வண்டியில், என்ஜின் ஓடும்போது மெக்கானிக் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். கழற்றியதும் என்ஜின் தளர்ந்தால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மாற்றமே இல்லையா? கோளாறு அங்கேதான்!

அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டரில் போடவேண்டும். கோளாறும் கூடவே போனால் பிளக் பழுது. போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பார்க்கவேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால் கம்ப்ரஷனை அளக்கவேண்டும். அது குறைந்திருந்தால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். பெரிய செலவைப் பற்றி அப்போது பேசலாம்.

ஒயரில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும். நீங்கள் தொடாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள்.

காட்டிய பிறகே பணம்

"எந்த சிலிண்டர்? எப்படித் தெரிந்தது?" என்று மெக்கானிக்கிடம் கேட்பது அவமரியாதை அல்ல. தொழில் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பிள்ளைகுட்டிகளோடு போகிற வண்டி. உழைத்துச் சேர்த்த பணம். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு!