முயல் பரிசுப் பொருளன்று!



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் மாணவர்களிடையே ஒரு பேச்சு அடிபடும். “நல்ல புள்ளி எடுத்தால் அப்பா முயல் வாங்கித் தருவார்” என்பதே அது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. தேர்ச்சிக்கு ஓர் உயிரைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் மட்டும் ஒழிந்தபாடில்லை. மிதிவண்டி, கைப்பேசி என்னும் பட்டியலில் முயலையும் சேர்த்துவிட்டோம். அதைக் கண்டிக்கவே இப்பதிவு. சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க.

பெற்றோர் கூறும் காரணம் என்ன? “பிள்ளைக்குப் பொறுப்புணர்ச்சி வரட்டும்” என்கின்றனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதை முதலில் பெரியவர்கள் அறிந்திருக்கிறோமா?

முதலாவது, காலக் கணக்கு. நன்கு பேணப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. மூன்றாம் ஆண்டில் பயிலும் பிள்ளைக்கு இன்று வாங்கும் குட்டி, அப்பிள்ளை எஸ்.பி.எம். எழுதி, மேற்படிப்புக்கு விடுதி சென்ற பின்னரும் வீட்டில் இருக்கும். அப்போது புல் போடுவது யார்? கூண்டைக் கழுவுவது யார்? 2023-இல் முயல் ஆண்டு பிறந்தபோது ஆசைக்கு வாங்கியவர்கள், 2033 வரை கடமை நீளக்கூடும் என எண்ணிப் பார்த்தார்களா?

இரண்டாவது, பணக் கணக்கு. கடையில் கொடுக்கும் விலைதான் எல்லாவற்றிலும் சிறிய செலவு. காய்ந்த புல், தீவனம், கீரை, கூண்டுக்கான விரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் நூறு வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 வெள்ளி. பத்தாண்டுகளுக்கு 12,000 வெள்ளி! மருத்துவச் செலவு இதில் அடங்காது. நான்காம் ஆண்டு மாணவன் போடக்கூடிய பெருக்கல் கணக்கைப் பெற்றோர் ஏன் போட்டுப் பார்ப்பதில்லை?

மூன்றாவது, உணவு. கேரட்டும் கங்கோங் கீரையும் போட்டால் போதும் என்பது நம்மவர் நம்பிக்கை. கேலிச்சித்திரப் படங்கள் கற்பித்த பாடம் அது! கேரட்டில் சர்க்கரை மிகுதி. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். முயலின் முதன்மை உணவு புல்லே. அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. நாளெல்லாம் புல்லை மென்றால்தான் அவை தேயும். இல்லையேல் நீண்டு வளர்ந்து வாயைப் புண்ணாக்கும். அரை நாள் உண்ணாமல் கிடந்தாலே குடலியக்கம் நின்று உயிர் பிரியும் ஆபத்து உண்டு. மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், முயல் தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. “நாளை பார்ப்போம்” என விட்டுவிட்டால், நாளை முயல் இராது. வீட்டிலுள்ள மருந்தைக் கொடுப்பதும் தீது. அமோக்சிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் அதுவே நஞ்சாகலாம்.

நான்காவது, வெப்பம். வீட்டுமுயல் ஐரோப்பியக் காட்டுமுயலின் வழிவந்தது. அதற்கு நம்மைப்போல் வியர்க்காது. நம் நாட்டுப் பகல் வெப்பமோ 32, 33 பாகையைத் தொடுகிறது. தகரக் கூரையின்கீழ்க் கம்பிக் கூண்டில் அடைத்துவிட்டு மாலைவரை வேலைக்குச் செல்வது வளர்ப்பா, வதையா?

ஐந்தாவது, பெருக்கம். நான்கைந்து மாதங்களிலேயே முயல் பருவமடையும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈன்ற அன்றே மீண்டும் கருவுறவும் கூடும். கருத்தடை அறுவைக்குச் செலவிட மனமில்லாதவர்கள் இறுதியில் என்ன செய்கின்றனர்? “காட்டில் பிழைத்துக்கொள்ளும்” என்று செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டு வருகின்றனர். கூண்டில் பிறந்த குட்டிக்குத் தெருநாயையும் உடும்பையும் மலைப்பாம்பையும் எதிர்கொள்ளத் தெரியுமா? அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுவது கொடுமையிலும் கொடுமை.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும், சட்டத்திற்கு அஞ்சி வருவதா அன்பு?

இனி, பொறுப்புணர்ச்சிக்கு வருவோம். இரண்டு மாதத்தில் முயல் இறந்துபோகிறது. பிள்ளை அழுகிறது. “அழாதே, வேறொன்று வாங்கித் தருகிறேன்” என்கிறார் தந்தை. அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? உயிர் என்பது பழுதானால் மாற்றிக்கொள்ளும் மின்கலம் போன்றது என்பதைத்தானே? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை வகுப்பில் நாங்கள் ஆண்டு முழுதும் கற்பிக்கலாம். வீட்டில் கற்ற அந்த ஒரு பாடம் அதனை அழித்துவிடும்.

முயலே வளர்க்கக் கூடாது என்பது என் வாதமன்று. வளர்க்க விரும்பும் பெற்றோர் அதைத் தம் பொறுப்பாக ஏற்கட்டும். முயலுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் உண்டா என முதலில் விசாரிக்கட்டும். நிழலும் காற்றும் ஓடியாட இடமும் ஒதுக்கட்டும். பிள்ளை உடனிருந்து உதவட்டும். பெரியவர் செய்வதைப் பார்த்துத்தான் பொறுப்பு வரும். இத்தனையும் கேட்ட பின்னரும் “தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்” என நிற்பவர்களிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு: பிள்ளைக்குப் பரிசளிக்க நல்ல புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குப் பசிக்காது.

சிந்திப்போம்.