பலகை வாங்குமுன்

கையகல ஒற்றைப் பலகைக் கணினி வாங்க முனையும் அங்கத்தினர்கள் விலையை மட்டும் விசாரிப்பது போதாதென்பது நம் அபிப்பிராயம்.

2012-இல் இங்கிலாந்தில் ராஸ்பெர்ரி பை என்னும் பலகை 35 டாலருக்கு வெளிவந்தபோது, டெபியன் இயங்குதளத்தின் வேகமான பதிப்பு அதன் பழைய வகைச் செயலியில் ஓடவில்லை. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையால், தன்னார்வலர் சிலர் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அப்பலகைக்கென மீண்டும் தொகுத்து, அவ்வாண்டிலேயே ராஸ்பியனை அளித்தனர். கூட்டுறவுக்கு வேறு உதாரணமும் வேண்டுமோ?

பின்வந்த மலிவுப் பலகைகள் பலவற்றின் கதை வேறு. செய்தவர் லினக்ஸின் கருவாகிய கர்னலின் பழைய பிரதியொன்றைத் தம் பலகைக்கேற்ப மாற்றித் தந்துவிட்டு, அடுத்த பலகையை விற்கப் போய்விடுகிறார். அம்மாற்றங்கள் பொதுக் கர்னலில் சேராவிடில், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று, பழுதற்ற பலகையும் பரணுக்கே போகும். ஆர்ம்பியன் குழுவினர் இச்சுமையில் ஒரு பங்கைத் தாங்குகின்றனர். எல்லாப் பலகைகளையும் அவர்களால் தாங்கவியலாது. பொதுக் கர்னலில் இடம்பெறாத பலகை பாதி விலைக்குக் கிடைப்பினும் நாம் வாங்கோம்.