உழுதவர் யார், அறுத்தவர் யார்?

புரோ கபடி லீக் என்னும் ஏலச் சந்தை வந்த பின்னரே கபடி வீரனுக்கு வாழ்வு வந்தது என்று ஒரு சாரார் கூறி வருகின்றனர். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் எம்மிடம் பயிலும் மாணவரும் தொலைக்காட்சியில் அவ்வாட்டங்களைக் கண்டு அவ்வாறே நம்புகின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம். மறுப்பதற்குத் தர்மராஜ் சேரலாதன் ஒருவரின் வாழ்க்கையே போதும்.

தஞ்சை மாவட்டத்திலே 1975இல் பிறந்தவர் சேரலாதன். வலது மூலையில் காத்து நின்று, பாடி வருபவனை மடக்கி வீழ்த்தும் பிடிகாரர். லீக் தொடங்கியதோ 2014இல். அப்போதே அவர் நாற்பதை நெருங்கிவிட்டார். 2016இல் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் அணி பட்டம் வென்றது. அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை 38–29 என வென்று உலகக் கிண்ணம் பெற்ற இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றார். வயதோ நாற்பத்தொன்று!

சிந்தித்துப் பாருங்கள். விலை கூறுவோர் வருமுன் அந்த உடலை உரமாக்கியது எது? மண்ணும், உழைப்பும், உடன் ஆடிய தோழரும் அன்றோ? கதிரை அறுத்துச் சென்றவன், உழுதவனும் தானே என்று உரிமை கொண்டாடலாமா?

ஆயினும் குற்றம் சந்தையுடையது மாத்திரமன்று. 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்று நேரசூசியில் எழுதிவிட்டு, பரீட்சை நெருங்கியதும் அப்பாடவேளையைக் கணிதத்துக்குப் பறித்துக் கொடுப்போர் ஆசிரியராகிய நாமல்லவா? விளையாட்டு கல்விக்குப் பகை என்பது நமது வாதம். அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் எதிரணியின் முன்வரிசையைத் தகர்த்த தடுப்பு வீரர் ஆலன் பேஜ், ஆடிக்கொண்டே சட்டம் பயின்று 1978இல் பட்டம் பெற்றார். அந்தக் கறுப்பின வீரரே 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதியரசராக விளங்கினார். களம் அவரது கல்வியைக் கெடுத்துவிட்டதா?

எமது கடற்கரை மணலில் கிளித்தட்டுக்குக் கோடு கீறி, எதிரியை மறித்து நிற்கும் மீனவச் சிறுவனைப் பாருங்கள். சேரலாதனின் பிடி அவன் கைகளில் உறங்கிக் கிடக்கலாம். ஏலத்தில் தன் பெயர் கேட்கும் என்ற கனவை அவனுக்கு ஊட்டுவது எளிது. அவனுக்கு வேண்டியவையோ ஒரு மைதானம், ஒரு பயிற்றுநர், பசியாறிய வயிறு. இவற்றைச் சமுதாயத்திடம் உரத்துக் கேட்பது நம் கடமை. கேட்கும் தகுதியை முதலில் நாம் பெறவேண்டும். ஆகவே, நண்பர்களே, பறித்த பாடவேளையை நாளையே மாணவரிடம் திருப்பிக் கொடுப்போம்!