விற்றவருக்கே உரிமை இல்லாத பொருள்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி வட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் 1956இல் ஒரு செப்புத் திருமேனியைப் படம் பிடித்தார்கள். சுந்தரரும் பரவை நாச்சியாரும் சேர்ந்து நிற்கும், விஜயநகர காலத்து, 16ஆம் நூற்றாண்டுப் படைப்பு அது. பின்னாளில் அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆர்தர் சாக்லர் என்ற சேகரிப்பாளர் 1987இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்த ஆயிரம் கலைப்பொருள்களில் அதுவும் ஒன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்த பழைய படத்தோடு 2023இல் ஒப்பிட்டபோது, அது இந்தக் கோயிலுக்குரியது என்ற உண்மை தெரிந்தது. அதைத் திருப்பித் தருவதாக ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் 2026 ஜனவரியில் அறிவித்தது. முறையான நன்கொடையாக வந்ததை ஏன் தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தந்தே ஆக வேண்டும். விற்றவரிடம் இல்லாத உரிமை, வாங்கியவரிடம் வந்து சேராது.

காயலான் கடையில் வாங்கிய பழைய பீரோவின் ரகசிய அறையில் நகை கிடைத்தாலும் இதே நியாயம்தான். பீரோவுக்குப் பேசிய விலையில் நகை இல்லை. அது உள்ளே இருப்பது விற்றவருக்கே தெரியாது. 1841இல் இங்கிலாந்தின் ‘மெர்ரி எதிர் கிரீன்’ வழக்கில், ஏலத்தில் எடுத்த மேசையின் ரகசிய அறையில் கிடைத்த பணப்பையைப் பற்றி நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: மேசையை விற்றதால் பை விற்கப்பட்டதாகிவிடாது. நம் சட்டமும் அதற்கு இணக்கமானதே. உரிமையாளரைக் கண்டறிய வழியிருந்தும் கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு. கண்டெடுப்பது குற்றமல்ல. யாருடையது என்று தெரிந்த பிறகும், தேடிப் பார்க்க மறுத்த பிறகும் வைத்துக்கொள்வதே குற்றம். வீரசோழபுரத்துக்கு அந்தத் தெளிவை ஒரு புகைப்படம் தந்தது.

‘நல்லெண்ணத்தில் வாங்கியவர் நஷ்டப்பட வேண்டுமா?’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்க வேண்டியது விற்றவரிடம். பறிகொடுத்த ஊரிடம் அல்ல. பத்தூர்க் கோயிலுக்குரிய நடராஜர் திருமேனியை 1982இல் விலைக்கு வாங்கிய கனடா நிறுவனம் லண்டன் நீதிமன்றங்களில் போராடித் தோற்றது. 1991இல் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். ‘வெளிநாட்டில் இருந்ததால்தானே பிழைத்தது?’ என்பது இதைவிடக் கடினமான வாதம். மீட்ட திருமேனிகள் பல, வழிபாட்டுக்குத் திரும்பாமல் திருவாரூர் பாதுகாப்பு மையத்தில் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது, அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் வீட்டுக்காரர் பூட்டை ஒழுங்காகப் போடவில்லை என்பது, எடுத்துப் போனவருக்குப் பட்டா ஆகாது. உரிமையை ஒப்புக்கொண்ட பிறகு பார்வைக்கு வைக்க வழியில்லாமலும் இல்லை. சுந்தரரோடு உரிமை திரும்பும் திருத்துறைப்பூண்டி நடராஜரை, இந்தியாவின் இசைவோடு நீண்டகால இரவலாக அதே அருங்காட்சியகம் வைத்துக்கொள்ளப் போகிறது. கேட்டுப் பெறுவதில் இருக்கும் கண்ணியம், கேளாமல் வைத்திருப்பதில் இல்லை.

இதில் அரசுக்கும் கடமை உண்டு. வீரசோழபுரத்துக்கு உதவியது எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு படம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சிறு கோயில்கள் ஒன்றுவிடாமல், ஒவ்வொரு திருமேனியையும் இன்றே படமெடுத்து அளவோடு பதிய வேண்டும். கோயிலில் எச்சரிக்கை மணியும் காவலும் அமைத்து, சுந்தரரையும் பரவையாரையும் திருவாரூர் பூட்டறைக்கு அல்ல, வீரசோழபுரத்துக்கே இந்து சமய அறநிலையத் துறை கொண்டுவர வேண்டும்.