எஞ்சினை மாற்றுவதா, திருத்துவதா?

கடந்த ஆவணி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு தாய் என் படலையடிக்கு வந்து நின்றார். அவருடைய கணவர் 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது காணாமற்போனவர். அவர் விட்டுச்சென்ற சொத்து என்று சொல்ல, மூன்று ஏக்கர் வயலும் ஒரு பழைய மசி 135 உழவு இயந்திரமும்தான். இப்போது மகன் அதை ஓட்டுகிறான். அந்தத் தாயின் கையில் ஒரு சிறிய துணிப்பை இருந்தது.

"அண்ணை, எஞ்சின் முடிஞ்சு போச்சாம். லொறி எஞ்சின் ஒண்டு வாங்கிப் பூட்டச் சொல்லுகினம். நாளைக்கு நகையை அடகு வைக்கப் போறன். அதுக்கு முதல் ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்கோவன்" என்றார்.

இந்தக் கேள்வி அவருடையது மாத்திரமல்ல. மீள்குடியேறிய ஒவ்வொரு கிராமத்திலும் இன்று கேட்கப்படுகின்ற கேள்வி இது. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல், அயலூரில் குத்தகைக்கு வயல் செய்யும் குடும்பங்களுக்கோ இது மேலும் பாரமான கேள்வி. அவர்களிடம் கையோடு கொண்டுவந்த இயந்திரத்தைத் தவிர வேறு முதல் இல்லை. எனவே இதுபற்றி என் மனதில் பட்டதை வெளிப்படையாக எழுத விரும்புகிறேன். என் கருத்து இதுதான்: திறந்து அளந்து பார்க்காமல் எந்த எஞ்சினையும் "முடிந்தது" என்று தீர்மானிக்கக் கூடாது, அளந்து பார்த்தால், பெரும்பாலும் திருத்துவதே நமக்கு ஏற்ற வழியாக இருக்கும்.

இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெளிந்துதான் சொல்லுகிறேன். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து பழைய லொறி எஞ்சின்கள் வன்னிக்கு வரத் தொடங்கின. அடுத்த ஆண்டு, என்னுடைய 135 புகை தள்ளத் தொடங்கியது. ஒரு கராஜில் சொன்ன வார்த்தையை நம்பி, பழைய எஞ்சினை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, யப்பான் லொறி எஞ்சின் ஒன்றைப் பூட்டினேன். முதற்போகம் நன்றாகவே ஓடியது. இரண்டாம் போகத்தில், சேற்றுழவின் நடுவில், எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைத்த தகடு வெடித்தது. கிளச் போயிற்று, கியர்பெட்டித் தண்டும் பழுதாயிற்று. இருந்ததையும் இழந்து, வாங்கியதையும் இழந்து நின்றேன். என் பழைய எஞ்சினில் தேய்ந்திருந்தது ரிங்கும் லைனரும் மட்டுமே என்பதைப் பிறகு அதைக் கழற்றிய பெடியன் ஒருவன் சொல்லித்தான் அறிந்தேன்.

ஏன் அப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். ஒரு ஜீப்புக்கோ லொறிக்கோ சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தின் மேல்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைக் கழற்றினாலும் வாகனம் நிற்கும். நான்கு சக்கர உழவு இயந்திரம் அப்படிப்பட்டதன்று. மசி 135 போன்றவற்றிற்குத் தனிச் சட்டமே கிடையாது. முன் அச்சு எஞ்சினின் முன்முகத்தில் பூட்டப்பட்டுள்ளது. எஞ்சினின் பின்முகத்தில் கியர்பெட்டி பூட்டப்பட்டுள்ளது. அடியிலுள்ள ஒயில் தொட்டிகூடப் பாரம் தாங்கும் வார்ப்பிரும்பினால் ஆனது. சுருங்கச் சொன்னால், எஞ்சின்தான் அதன் முதுகெலும்பு. வேறு இன எஞ்சினைப் போடுவதென்றால் முதுகெலும்பை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்பை ஒட்டவைத்து நிமிர்த்துவது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. உழவு எஞ்சின் குறைந்த வேகத்தில் நின்று இழுக்கும்படி செய்யப்பட்டது. கலப்பை மண்ணில் இறுகும்போது வேகம் குறையாதபடி டீசலைக் கூட்டிக்கொடுக்கும் கவர்னர் அதில் இருக்கிறது. பல லொறி எஞ்சின்கள் கூடிய வேகத்தில்தான் தம் பலத்தைக் காட்டும். சூடடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும் பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று ஓடவேண்டும். எஞ்சினின் வேகம் மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். என் லொறி எஞ்சினால் சூடடித்தபோது நெல் உடைந்தது. வியாபாரி விலையைக் குறைத்தார்.

இனி, எஞ்சினைத் திறக்குமுன் நம் முற்றத்திலேயே பார்க்கக்கூடியவற்றைச் சொல்லுகிறேன். முதலாவது புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் கூடிவிட்டது அல்லது காற்றுப் போதவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். இவை சிறு செலவுகள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ரிங், லைனர் அல்லது வால்வுப் பக்கத்தில் தேய்வு இருக்கிறது. வெள்ளைப் புகை காலையில் சிறிது வந்து மறைந்தால் பயமில்லை. சூடேறிய பின்னும் நிற்காமல் வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒயில். அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அத்துடன் ஓட்டுவதை நிறுத்துங்கள். சூடேறிய பின் ஒயில் அழுத்தம் விழுந்தால், முதலில் மீற்றரே சரியா என்று வேறொரு மீற்றர் பூட்டிப் பாருங்கள். அதன்பின்தான் பெயறிங்குகளைக் குற்றம் சொல்லலாம்.

மூன்றாவது, அமுக்கம். இதை மெக்கானிக் ஒருவர் செய்யவேண்டும். டீசல் எஞ்சினுக்குரிய அமுக்க மீற்றரால் ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறைவாக இருந்தால், அதற்குள் சிறு கரண்டி ஒயில் மட்டும் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு கூடினால் எஞ்சினுக்குச் சேதம் வரும். ஒயில் விட்டதும் அமுக்கம் ஏறினால் ரிங்கிலும் லைனரிலும் தேய்வு. ஏறாவிட்டால் வால்விலோ காஸ்கட்டிலோ பிழை. இவ்வளவு பார்த்தபின்தான் திறந்து, லைனரையும் கிறாங்கையும் மைக்ரோமீற்றரால் அளக்கவேண்டும்.

அந்தத் தாயின் இயந்திரத்தை நானும், எமது ஊரின் வயோதிப மெக்கானிக் ஒருவரும் போய்ப் பார்த்தோம். நடுச் சிலிண்டரில் அமுக்கம் இல்லை. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தாலும் சாகவில்லை. திறந்தபோது நடுப் பிஸ்டனில் ரிங் உடைந்திருந்தது. காரணத்தைத் தேடினோம். காற்று வடிகட்டியின் அடிக் கிண்ணத்தில் ஒயிலே இல்லை, வெறும் மண். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர்க் குழாயும் கீறியிருந்தது. புழுதி உழவில் கிளம்பிய தூசி முழுவதும் நேராக எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அந்தப் பெடியனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு தகப்பன் இருக்கவில்லை. இதே நிலையில் புதிய எஞ்சினைப் பூட்டியிருந்தாலும் அதுவும் சில போகங்களில் இதே கதிக்குத்தான் வந்திருக்கும். நோயைக் கண்டுபிடிக்காமல் உறுப்பை மாற்றுவதால் வரும் ஆபத்து இதுவே.

கிறாங் அளவில் இருந்தது. இல்லாவிட்டாலும் வழி உண்டு. கிறாங்கைக் கடைந்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு என்ற படிகளில் தடித்த பெயறிங் போடலாம். லைனர்களை இழுத்தெடுத்துப் புதியவை இறக்கலாம். இந்த எஞ்சின்களைச் செய்தவர்கள் இவை ஒருநாள் திறந்து புதுப்பிக்கப்படும் என்று எண்ணியே செய்தார்கள். 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட 135 இன்னும் நம் வயல்களில் ஓடுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே குடும்பத்து எஞ்சின்களிலும் பிஸ்டன் அளவு வேறுபடும். எஞ்சின் இலக்கத்தை எழுதிக்கொண்டுபோய்க் காட்டாமல் உதிரிப்பாகம் வாங்க வேண்டாம்.

மறுபக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். மாற்றச் சொல்லும் கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். திருத்த வேலைக்கு நாள் எடுக்கும். கடைசல் வேலைக்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பிக் காத்திருக்க வேண்டும். மழை தொடங்கும்போது எஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தால் ஒரு பெரும்போகம் போய்விடும். மாற்று எஞ்சினோ சில நாளில் ஓடும். இந்த வாதத்தில் உண்மை உண்டு. அதற்கு என் பதில்: திருத்த வேலையை அறுவடை முடிந்தபின், பங்குனியிலோ சித்திரையிலோ தொடங்குங்கள். பிந்திவிட்டால், ஒரு போகத்துக்கு அயலவரின் இயந்திரத்தைக் கூலிக்குப் பிடியுங்கள். ஒரு போகத்தின் உழவுக்கூலி பல ஆண்டுக் கடனைவிடச் சிறியது.

மாற்றுவதே சரியான இடங்களும் உண்டு. எஞ்சினின் உடல் வெடித்திருந்தால், அல்லது கிறாங் கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தால், மாற்றத்தான் வேண்டும். அப்போதும் அதே இன எஞ்சினைத் தேடுங்கள். ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். லான்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இரண்டு சக்கர இயந்திரத்தின் விடயம் வேறு. அதில் எஞ்சின் ஒரு சட்டத்தின்மேல் இருந்து, பெல்ட்டினால் கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. பலமும் பாரமும் புல்லியின் அளவும் பொருந்தினால் வேறொரு ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைப் பூட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. பழைய ஜீப்பிலும் சட்டம் இருப்பதால் மாற்ற முடியும். ஆனால் எஞ்சினின் விலையோடு கணக்கு முடியாது. தாங்கிகள், கிளச், றேடியேற்றர், கியர்பெட்டி இணைப்பு என்று பின்னால் வரும் செலவையும் முன்னரே எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பத்திரங்களையும் மறக்கவேண்டாம். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். அதற்கு எஞ்சினை வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, பின்னர் தம்முடைய இயந்திரத்தையே தம்முடையது என்று நிரூபிக்க முடியாமல் நின்றவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த நிலையை நாமே மறுபடி வரவழைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 350 ரூபாவையும் தாண்டியது. இறக்குமதியாகும் எஞ்சினும் உதிரிப்பாகமும் அதன்பின் பழைய விலைக்குத் திரும்பவில்லை. எனவே ஒரு பிழையான முடிவின் விலையும் கூடிவிட்டது. என் அளவுகோல் இது: இயந்திரம் இரண்டு போகத்தில் உழைத்துத் தரக்கூடிய கூலியால் அடைக்க முடியாத கடனை அந்த இயந்திரத்துக்காக எடுக்கவேண்டாம். மழை பிழைக்கும் ஆண்டும் உண்டு, வெள்ளம் கொண்டுபோகும் ஆண்டும் உண்டு. தவணைக்காரருக்கு அது தெரியாது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் காரையும் மோட்டார் சைக்கிளையும் ஓட்டியவர்கள் நாம். புதிய பாகம் வராத நாட்களில் பழையதைக் கடைந்தும் ஒட்டியும் ஓடவைத்த கைகள் எமது ஊர்களில் இருந்தன. அந்தக் கைகள் இப்போது வயதாகிவிட்டன. ஆகவே ஒரு யோசனை சொல்லுகிறேன். ஒவ்வொரு கமக்கார அமைப்பும் ஓர் அமுக்க மீற்றரையும் ஒரு மைக்ரோமீற்றரையும் பொதுவில் வாங்கி வைக்கட்டும். அந்த வயோதிப மெக்கானிக்கிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுப் பழக்கட்டும். ஒரு குடும்பத்தால் வாங்க முடியாததை ஒரு கிராமம் வாங்கலாம்.

அந்தத் தாய் தம் நகைகளில் இரண்டு காப்புகளை மட்டுமே அடகு வைத்தார். லைனர், பிஸ்டன், ரிங், பெயறிங் எல்லாம் புதிதாகப் போட்டு, வால்வுகளை அரைத்து, இன்ஜெக்டர்களைச் சோதித்துப் பூட்டினோம். ஐப்பசி மழைக்கு முன் இயந்திரம் வயலில் இறங்கியது. இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பெடியன் முதலில் காற்று வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கிறான். பிறகுதான் சாவியைத் தொடுகிறான்.

உங்களிடமும் யாராவது "எஞ்சின் முடிந்தது" என்று சொன்னால் பதற வேண்டாம். "எந்தச் சிலிண்டர்? எவ்வளவு தேய்வு? அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதில் கிடைத்தபின் கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம்.